ஹைட்ரஜன்: ஆய்வு வேறு, அங்காடி வேறு

ஹைட்ரஜன் நீர் அருந்தினால் தளர்ந்த இதயம் வலுப்பெறுமா என்று கேட்கும் குடும்பத்தாரை எள்ளி நகையாடுவது முறையன்று. அக்கேள்வியின் பின்னே மெய்யான ஆய்வு இருக்கிறது.

மாரடைப்பில் அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்ததும் ரத்தம் மீண்டும் பாய்கிறது. அவ்வேளையில் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் சில தீவிர மூலக்கூறுகள் இதயத் தசையைத் தாக்குகின்றன. காக்க வந்த ரத்தமே சிறிது கேடும் விளைவிக்கிறது. அவற்றுள் மிகக் கொடியதான ஹைட்ராக்சிலை ஹைட்ரஜன் தணிப்பதாகவும், எலிகளின் மூளைப் பாதிப்பு அதனால் குறைவதாகவும் ஜப்பானின் நிப்பான் மருத்துவப் பல்கலைக்கழகத்தார் 2007-இல் வெளியிட்டனர். இதயம் பற்றிய ஆய்வுகளும் தொடர்ந்தன.

பின்னர் கெயோ பல்கலைக்கழகத்தின் முன்முயற்சியில் 15 மருத்துவமனைகளில் ஒரு சோதனை நடந்தது. இதயத்துடிப்பு நின்று, மீட்கப்பட்டும் நினைவு திரும்பாத 73 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்குச் சுவாசக் கருவி வழியே 2 விழுக்காடு ஹைட்ரஜன் 18 மணி நேரம் செலுத்தப்பட்டது. 90 நாள் கழித்து அப்பிரிவில் 85 விழுக்காட்டினரும், மற்றப் பிரிவில் 61 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆயினும் சோதனையின் முதன்மை நோக்கமான மூளை நலத்தில் தெரிந்த வேறுபாடு, தற்செயல் அன்று என உறுதி கூறும் அளவுக்கு இல்லை. கொரோனா பரவலால் சோதனை பாதியிலேயே நின்றது. மேலும், அது இதயச் செயலிழப்போடு வீட்டில் வாழ்வோரைப் பற்றியதே அன்று.

விற்பனையாளர் இந்த ஆய்வின் பெருமையைக் கடன் வாங்கிக்கொள்கிறார் என்பதே என் குறை. ஒரு லிட்டர் நீரில் சாதாரண அழுத்தத்தில் கரையக்கூடிய ஹைட்ரஜன் 1.6 மில்லிகிராம் அளவே. திறந்து வைத்தால் அதுவும் வெளியேறிவிடும். நீரளவு கட்டுப்படுத்தப்பட்ட நோயாளிக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு: ஹைட்ரஜன் நீரும் நீரே. ‘மருந்து’ என்றெண்ணிக் கூடுதலாக அருந்தினால் கால் வீங்கும், மூச்சுத் திணறும். சுவாசிக்கும் கருவிகளில் வேறோர் அபாயம்: காற்றில் 4 விழுக்காட்டை எட்டினால் ஹைட்ரஜன் தீப்பற்றும். பூசை விளக்கு எரியும் வீட்டில், ஆக்சிஜன் சிலிண்டருக்கருகே அதை வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பணம் கொடுத்து வாங்கிவிட்டவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தப் புட்டியையும் எடுத்து வாருங்கள். அதுவரை அதில் குடிக்கும் ஒவ்வொரு டம்ளரையும் அன்றைய நீர்க்கணக்கில் எழுதுங்கள். மாத்திரை எதையும் நிறுத்தாதீர்கள்.