25 கிலோவுக்கு வரி, 26 கிலோவுக்கு விலக்கு

2022 ஜூலை 18 முதல் அரிசிக்கும் பருப்புக்கும் ஜிஎஸ்டி வந்துவிட்டது. அரிசிக்கு வரியே இல்லை, அடைத்து லேபிள் ஒட்டிய பைக்குத்தான் 5 சதவீதம் என்கிற விளக்கம் எரிச்சலைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. எடையையும் விலையையும் பையில் அச்சிடு என்பது அரசின் சட்டம். அச்சிட்டால் வரி கட்டு என்பதும் அரசின் சட்டம்.

வரம்பு 25 கிலோவாம். அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்கு வரி கிடையாது. கிலோ 50 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 25 கிலோ சிப்பம் 1,250 ரூபாய்; வரியோடு 1,312.50. அதே அரிசி 26 கிலோ வாங்கினால் 1,300. ஒரு கிலோ அதிகம், பன்னிரண்டரை ரூபாய் குறைவு! 26 கிலோ, 30 கிலோ பை பற்றிய பேச்சு அரிசி மண்டிகளில் அப்போதே தொடங்கிவிட்டது. வேறென்ன எதிர்பார்த்தார்கள்?

1,300 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க முடிந்தவருக்கு வரி இல்லை. கூலி வாங்கிய கையோடு 5 கிலோ பை வாங்குகிறவர் 250 ரூபாய்க்குப் பன்னிரண்டரை ரூபாய் வரி கட்டுகிறார். வந்த பணம் முழுவதையும் செலவழித்துவிடும் குடும்பம் அது. அரிசியில் போனதை சோப்பிலும் பிஸ்கட்டிலும் குறைக்கும். தெருமுனைக் கடையின் கல்லாவும் அந்த அளவுக்கு இளைக்கும். ரேஷன் அரிசி இருக்கிறதே என்பார்கள். கார்டே இல்லாதவர் எங்கே போவார்? நிறுத்துத் தரும் சில்லறை அரிசிக்கு வரி இல்லை, உண்மைதான். மூட்டையைப் பிரித்து வைத்திருக்கும் கடையைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவே.

வரி போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பதிவு செய்த பிராண்டுக்கு மட்டும் வரி என்று 2017-இல் ஒரு விதி போட்டார்கள். வியாபாரிகள் பிராண்டுப் பதிவையே கைவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் இந்த 25 கிலோ ஓட்டை. சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம் வரி என்று தீட்டிய கைகளும் இவையே. பெண்கள் ஓராண்டு போராடிய பிறகுதான் 2018 ஜூலையில் மனம் இறங்கினார்கள். 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாக இறக்கியபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் போகும் என்று தெரிந்தே இறக்கியது. முதலீடு கொட்டும் என்றார்கள். கொட்டிய இடத்தை இன்னும் யாரும் காட்டவில்லை. அங்கே அள்ளிக் கொடுத்துவிட்டு, இங்கே பொரிப் பொட்டலத்திலும் மோர்ப் பாக்கெட்டிலும் கை வைக்கிறார்கள்.

எல்லா மாநிலங்களும் சம்மதித்த முடிவு என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடுகிறது, வேறொன்றுமில்லை.

வரம்பை மாற்றுவதா, உணவுப் பொருளை அடியோடு விடுவிப்பதா, அது அவர்கள் பாடு. ஏதாவது செய்தாக வேண்டும், சீக்கிரமே செய்தாக வேண்டும். ஆடிப்பெருக்குச் சர்க்கரைப் பொங்கலுக்கு வேண்டிய அரிசி, வெல்லம் இரண்டுமே வரிப் பட்டியலில் இருக்கின்றன.