மணிக்கு ஐந்நூறு பவுண்டு: யார் வீட்டுப் பணம்?

1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டங்களில் 26ஆவது எண் கொண்டது நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம். 27, 28ஆவது எண்கள் கொண்டவை கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், அவர்களது நலநிதிக்கான தீர்வைச் சட்டமும் ஆகும். முன்னது ஒப்பந்த முதலாளிகளின் தாவாக்களுக்கானது. பின்னவை கல்லும் மண்ணும் சுமப்போருக்கானவை. தொழிலாளர் பெயரால் வசூலான 37,400 கோடி ரூபாயில் ஏறத்தாழ 9,500 கோடி மட்டுமே செலவிடப்பட்டதை 2018இல் உச்சநீதிமன்றமே சுட்டிக்காட்டிக் கண்டித்தது. முதலாளிகளின் சட்டமோ 2015, 2019, 2021 என மும்முறை திருத்தி மெருகேற்றப்பட்டது.

அந்த மெருகில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நடுவர்களின் கட்டணம் கட்டுமீறிப் போகிறது என்ற புகார் எழுந்ததால், 2015 திருத்தம் நான்காவது அட்டவணையைச் சேர்த்து, நடுவர் ஒருவருக்கு 30 இலட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பை முன்வைத்தது. நடுவர்கள் தம் கட்டணத்தை ஒருதலையாகத் தாமே நிர்ணயித்துக்கொள்ள முடியாது என்று ஓஎன்ஜிசி வழக்கில் 2022இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் தாவாவின் ஒரு தரப்பு அந்நிய நிறுவனமாக இருந்தால், அதாவது அது ‘சர்வதேச வணிகத் தாவா’ ஆகிவிட்டால், அந்த அட்டவணை பொருந்தாது எனச் சட்டமே விலக்களித்துவிட்டது. செலவு எங்கே மிக அதிகமோ அங்கே வரம்பு இல்லை!

அந்தச் செலவு எவ்வளவு? லண்டன் சர்வதேச நடுவர் மன்றத்தின் 2020ஆம் ஆண்டு அட்டவணைப்படி நடுவரின் கட்டணம் மணிக்கு 500 பவுண்டு வரை செல்ல முடிந்தது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். மூன்று நடுவர்கள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வீதம் பத்து நாள் அமர்ந்தால் 1 கோடியே 20 இலட்சம். ஆவணங்களைப் படிக்கும் நேரமும் தீர்ப்பு எழுதும் நேரமும் இதில் சேரவில்லை. விமானப் பயணம், தங்கும் விடுதி, விசாரணைக் கூட வாடகை ஆகியவை தனிக் கணக்கு.

விசாரணை இந்தியாவில் நடந்தால், சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி இருதரப்பும் சமபங்காக முன்பணம் கட்ட வேண்டும். ஒரு தரப்பு பொதுத்துறை நிறுவனம் என்றால், அந்தப் பாதி மக்கள் பணம். கட்டணப் பாக்கி இருந்தால் தீர்ப்பைத் தராமல் நிறுத்திவைக்கவும் 39ஆவது பிரிவு இடமளிக்கிறது. கூலி பாக்கி வைத்த ஒப்பந்தக்காரரிடம் எந்தச் சித்தாளுக்கு இப்படியொரு பிடி இருக்கிறது?

இந்த ஏற்பாட்டை யாரும் தற்செயலாகச் செய்யவில்லை. உலக வங்கி, ஜைக்கா கடனில் எழும் பெருந்திட்டங்களில் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தங்கள் புழங்குகின்றன. அதன் 1999 பதிப்பு, தாவா முற்றினால் சர்வதேச வணிகச் சபையின் விதிப்படி மூன்று நடுவர்கள் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. கடன் வாங்கும்போதே நீதி எங்கே, எவர் கையில் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது.

நடுவர் அந்நியர் என்பதல்ல நமது ஆட்சேபம். தில்லி விமான நிலைய மெட்ரோ தாவாவில் இந்தியாவிலேயே அமைந்த தீர்ப்பாயம்தான் 2017இல் ரிலையன்ஸ் குழும நிறுவனத்துக்குச் சாதகமாக 2,700 கோடிக்கு மேல் தீர்ப்பளித்தது. வட்டியோடு வளர்ந்து 8,000 கோடியைத் தொட்ட அந்தத் தொகையை 2024 ஏப்ரலில் சீராய்வின் கடைசிப் படியில்தான் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. மூடிய அறைக்குள் நடக்கும் தனியார் நீதிக்குப் பொதுக் கருவூலம் படியளப்பதுதான் பிரச்சனை.

2024 ஜூனில் நிதியமைச்சகம் விழித்துக்கொண்டதுபோல ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. நடுவர் விசாரணை செலவு மிக்கது, இழுபறியானது, ஆகவே வழக்கமாக 10 கோடிக்குக் குறைந்த தாவாக்களுக்கு மட்டுமே போதும் என்றது. தலைப்பைப் படித்தால் சாயம் வெளுக்கிறது: ‘உள்நாட்டுப் பொதுக் கொள்முதல்’ ஒப்பந்தங்களுக்கு மட்டும்! அந்நிய நிறுவனங்களின் வாசலில் மோடி அரசின் சிக்கனம் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது.

பொதுத்துறை நிறுவனங்களும் மெட்ரோ கழகங்களும் ஒவ்வொரு தாவாவிலும் நடுவர்களுக்கும் அவர்தம் பயணத்துக்கும் செலுத்திய தொகையை நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்க வேண்டும். நான்காவது அட்டவணையின் விலக்கை நீக்க வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் பணிகளின் தாவா விசாரணை இந்திய மண்ணில், திறந்த அவையில் நடக்க வேண்டும். இதற்கு முரணான கடன் நிபந்தனையில் அரசு கையெழுத்திடக் கூடாது.