தண்டவாளம் போட்டவனுக்குத் தரை இல்லையா?

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகமே வருகிறது. அந்தப் பாதையை முதலில் எதற்காகப் போடத் தொடங்கினார்கள்? காப்பி மூட்டைக்காக! மாட்டுவண்டியில் துறைமுகம் சேர வாரக்கணக்கில் ஆகிறது என்று தோட்டத் துரைமார் கூப்பாடு போட்டார்கள். 1867இல் கண்டி, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை என்று ரயில் மலையேறியது.

அதற்குக் காடு வெட்டி, பாறை உடைத்தவர்களில் கடல் தாண்டிப் போன எங்கள் சனமும் உண்டு. கடுகண்ணாவை ஏற்றத்தில் காய்ச்சலும் காலராவும் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போயின. மூட்டைக்கு ரசீது உண்டு. செத்தவனுக்கு என்ன உண்டு?

காப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது. அதே பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. கொழுந்து பறித்தவர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்களை யார் கேட்டது?

அட்டன் ஸ்டேஷனில் என் அம்மா ஜன்னல் வழியே பெரியம்மாவின் கையைப் பிடித்திருந்தாராம். அம்மாவுக்கு இந்தியா, அவருக்கு இலங்கை. ரயில் நகர்ந்த பிறகும் கையை விடாமல் பெரியம்மா பிளாட்பாரத்தில் கூடவே ஓடினார். பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. பாட்டன் போட்ட தண்டவாளத்திலேயே பேத்தியை ஏற்றித் துரத்தினார்களே, இது எந்த ஊர் நியாயம்?

தலைமன்னார், ராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி. கோத்தகிரியிலும் கூடலூரிலும் காட்டைத் திருத்தி மறுபடியும் தேயிலைதான் நட்டோம். அட்டைக் கடியும் பனியும் அங்கே போலவே இங்கேயும். ஆனால் இங்கே எங்களுக்குப் பெயர் 'சிலோன்காரங்க'. அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன். அப்படியானால் நாங்கள் எந்த மண்ணுக்குச் சொந்தம்?

இங்கேயும் ஒரு மலைப் பாதை உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் ஏறிய மலை ரயிலை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நல்லது, இரும்புக்கு மரியாதை செய்யுங்கள். ஆனால் முதுகொடிந்து கொழுந்து பறித்தவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் 'தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்' என்கிறீர்களே, அவள் எங்கே போவாள்? கூலி கட்டுப்படியாகாமல் எங்கள் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு மூட்டை கட்டுகிறார்கள். மூன்று தலைமுறையாக நடக்கும் இந்த விரட்டல் எப்போது ஓயும்?

இரக்கம் கேட்கவில்லை, கடனைக் கேட்கிறோம். இரண்டு நாட்டுக்கும் தேயிலை தந்த கைகள் இவை. குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா கொடுங்கள். இனியும் எங்களைச் சரக்காக ஏற்றி இறக்காதீர்கள்!