புதுப்பட்டியிலிருந்து தொடங்குவோம்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகள் பலவற்றில் பாமாவின் 'கருக்கு' பாடநூலாக இருக்கிறது. பின்காலனிய இலக்கியம் என்ற தாளிலோ தலித் இலக்கியம் என்ற தாளிலோ, லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கிலத்தில் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ எம்.ஏ. படிக்கும் ஒரு மாணவி இந்தத் தாளுக்கு எப்படித் தயாராவாள் என்று எண்ணிப் பாருங்கள். பாமா பிறந்த புதுப்பட்டி வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. நூலில் வரும் மலை அவள் தினமும் பார்க்கும் மேற்குத் தொடர்ச்சி மலைதான். நூலின் பேச்சும் அவள் காதில் விழுந்து வளர்ந்த பேச்சு. அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் படித்து, கோட்பாட்டாளர்களான ஃபனானையும் ஹோமி பாபாவையும் துணைக்கு வைத்துக்கொண்டு அவள் விடை எழுத வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பிலும் இலக்கியம் கற்பிப்பதிலும் ஈடுபட்டிருக்கும் நமக்கு இது பழகிப்போய்விட்டது. பழகியிருக்கக் கூடாது. உலக இலக்கியம் நமக்கு எந்த வழியாக வந்தது, அந்த வழி 1991க்குப் பிறகு எப்படி மாறியது என்று பார்த்தால்தான் இந்த நிலைமை விளங்கும்.

இரு வல்லரசுகளும் போட்டியிட்ட காலத்தில் தமிழ் வாசகருக்கு வெளிநாட்டு இலக்கியம் பெரும்பாலும் மாஸ்கோவிலிருந்து வந்தது. முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் அங்கேயே தமிழில் அச்சிட்டன. பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் அங்கே போய் இருந்து மொழிபெயர்த்தார்கள். 1951இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அந்த நூல்களை ஊர் ஊராகக் கொண்டுவந்து, பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் யோசிக்காமல் வாங்கக்கூடிய விலையில் விற்றது. தல்ஸ்தோயும் கார்க்கியும் ஐத்மாத்தவும் கெட்டி அட்டையோடு தமிழ் வீடுகளுக்குள் வந்தார்கள். 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டையானது. மறுபக்கம் 'அமெரிக்கன் ரிப்போர்ட்டர்' வந்தது. பம்பாயின் பெர்ல் பதிப்பகம் அமெரிக்க நூல்களைத் தமிழில் வெளியிட்டது.

அந்தப் புத்தகங்களை இன்று பிரசாரம் என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரஷ்ய மூலத்திலிருந்து நேரே தமிழுக்கு வந்தவையும் அவற்றில் இருந்தன; நல்ல உரைநடை அது. கூலி உயர்வு கேட்டவர்கள் கையில் அது இலக்கியமாகவே இருந்தது. ஆனால் எது வந்தது என்பதோடு எது வரவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1958இல் தாஷ்கண்டில் ஆசிய ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் கூடினார்கள். அந்த இயக்கத்தின் 'லோட்டஸ்' இதழ் 1968 முதல் அரபு, ஆங்கிலம், பிரெஞ்சு மொழிகளில் வெளிவந்தது, தமிழில் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் 1962இல் உகாண்டாவின் மகரேரே கல்லூரியில் மாநாடு கூட்டியபோது, செலவுக்குக் கைகொடுத்தது பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ். அந்த அமைப்புக்கு சி.ஐ.ஏ. பணம் கொடுத்து வந்தது சில ஆண்டுகளில் அம்பலமானது. ஒரு கென்ய எழுத்தாளரும் ஒரு தமிழ் எழுத்தாளரும் ஒருவரையொருவர் படிக்க வேண்டுமானால் இரண்டு பெரிய வீடுகளில் ஒன்றின் திண்ணையில்தான் சந்திக்க வேண்டியிருந்தது. அங்கே வர்க்கத்தைப் பேசலாம், தேச விடுதலையைப் பேசலாம். சாதி அங்கே பேச்சாகவே இல்லை.

1990, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகள் அடர்த்தியானவை. 1990 ஆகஸ்டில் மண்டல் அறிவிப்பு, 1991 ஏப்ரலில் அம்பேத்கர் நூற்றாண்டு, அதே ஆண்டு ஜூலையில் பொருளாதாரச் சீர்திருத்தம், டிசம்பரில் சோவியத் ஒன்றியத்தின் முடிவு. 'நிறப்பிரிகை' போன்ற சிற்றிதழ்கள் மார்க்சியத்தையும் சாதியையும் புதிய கேள்விகளோடு ஒரே பக்கத்தில் வைத்தன. 1992இல் 'கருக்கு' வந்தது. மதுரையில் இருந்த ஒரு சமூக ஆய்வு மையம் அதை வெளியிட்டது, இலக்கியப் பதிப்பகங்களில் ஒன்று அல்ல. பெர்லின் சுவர் இடிந்ததால் தலித் இலக்கியம் பிறந்தது என்று சில கட்டுரைகள் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அதன் வேர் இங்கேயே, இந்தத் தெருக்களிலேயே இருந்தது. வர்க்கப் போர் முடிந்தால் சாதியும் தானாகப் போய்விடும் என்ற பதிலுக்கு அதுவரை இருந்த அதிகாரம்தான் 1991இல் போனது. அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் அதோடு போனது.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமனும் புதுப்பட்டிக்காரர்தான். 2024 நவம்பரில் மறைந்த அவர், 1993இல் 'தலித் பண்பாடு' எழுதினார். 2002இல் அவருடைய 'சிலுவைராஜ் சரித்திரம்' நாவல் வந்தது. அண்ணன் தங்கை இருவரின் நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், நம் பின்காலனியப் பாடத்திட்டம் தவறவிடும் ஒன்று கைக்கு வரும். கோட்பாட்டு நூல்களில் மிஷனரி என்பவர் காலனியத்தின் கருவி. புதுப்பட்டியின் தேவாலயத்தை அந்த ஒற்றை வரிக்குள் அடைக்க முடியாது. பள்ளிக்கூடமும் விடுதியும் அந்த வழியாகத்தான் சேரிக்கு வந்தன. அதே கோயிலுக்குள், அதே கன்னிமடத்துக்குள் சாதியும் இருந்தது. கன்னிமடத்தை விட்டு வெளியேறிய பெண்ணாகப் பாமா எழுதுகிறார். அவர் மிஷனுக்கு நன்றிப்பா பாடவில்லை, அதை அந்நியச் சதி என்று ஒதுக்கவும் இல்லை. சிலுவைராஜின் கழுத்தை நெரிப்பதோ விடுதலை பெற்ற நாட்டின் சட்டம். கிறித்தவராகிவிட்ட தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது என்று சொல்லும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அது. வெள்ளைக்காரன் போனபின் எழுதப்பட்ட அந்த ஆணையைச் சேர்க்காமல் இந்த மண்ணில் பின்காலனியம் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாது.

இதே கரிசல் வட்டாரத்திலிருந்து பிறகு பூமணியின் 'அஞ்ஞாடி' வந்தது, 1899 சிவகாசிக் கலவரத்தையும் உள்ளடக்கி. சோ. தர்மனின் 'சூல்' கண்மாய்களின் கதை வழியே ஆட்சி மாற்றத்தைச் சொன்னது. இரண்டுமே சாகித்திய அக்காதெமி விருது பெற்றவை. இரண்டிலும் தேசத்தின் கதையை ஊர்தான் விசாரிக்கிறது.

மாஸ்கோ வழி அடைபட்டபின் வேறொரு வழி திறந்தது. அது ஆங்கிலப் பதிப்பகங்களின் வழி. 2000இல் மாக்மில்லன் வெளியிட்ட ஆங்கிலக் 'கருக்கு' கிராஸ்வேர்டு விருது பெற்றது, உலகெங்கும் வகுப்பறைகளுக்குப் போனது. ஹோம்ஸ்ட்ராமின் உழைப்புக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் ஒரே வாசல் இருக்கும் இடத்தில் வாசலில் நிற்பவர் வைத்ததுதான் சட்டம். 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் மகாசுவேதா தேவியையும் நீக்கியபோது அதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஆங்கிலம் வழியாகவே வாழும் நூலை ஒரு பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக் குழு எடுத்துவிட முடிகிறது.

வேறு வழி உண்டு என்பதற்குச் சான்று இராஜபாளையத்திலேயே இருந்தது. மு. கு. ஜகந்நாத ராஜா எந்த வல்லரசின் உதவியும் இல்லாமல், ஆங்கிலத்தை இடையில் வைக்காமல், தெலுங்கிலிருந்தும் பிராகிருதத்திலிருந்தும் தமிழுக்குக் கொண்டுவந்தார். கிருஷ்ணதேவராயரின் 'ஆமுக்த மால்யதா' ஆண்டாளின் கதை, ஸ்ரீவில்லிபுத்தூரின் கதை. அதை அடுத்த ஊரில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த ஒருவர் தமிழாக்கியது நம் துறைக்கு ஒரு பாடத்திட்டத்தையே தரக்கூடிய செய்தி. நம் மொழிபெயர்ப்பியல் வகுப்புகளில் எத்தனையில் அவர் பெயர் வருகிறது?

ஆப்பிரிக்காவை நாம் ஆங்கிலத்தின் வழியாகத்தான் படித்தோம். அச்செபெயை என். கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தந்தார். கூகி வா தியாங்கோவின் நாவலை அமரந்தாவும் சிங்கராயரும் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தந்தார்கள். ஆங்கிலத்தைக் கைவிட்டு கிகூயுவில் எழுதிய கூகியே நமக்கு ஆங்கிலம் வழியாகத்தான் வந்து சேர்ந்தார். கிகூயு தெரிந்த தமிழர் கிடைக்கும்வரை அது தவிர்க்க முடியாதது. தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் சிங்களமும் அப்படியல்ல. இந்த மொழிகளைப் பேசும் தமிழர்கள் நம் கல்லூரிகளிலேயே படிக்கிறார்கள். இராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளரும் மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி தர ஒரு கல்லூரி முன்வந்தால் போதும்.

அதற்கு முன் ஒன்றை இந்தப் பருவத்திலேயே செய்யலாம். ஆங்கிலத் துறையில் 'கருக்கு' நடத்தும் ஆசிரியர்கள் தமிழ் மூலத்தையும் மேசைமீது வையுங்கள். தமிழ்த் துறை நண்பர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். ஒரு பத்தியை மாணவர்கள் முதலில் தமிழில் வாய்விட்டுப் படிக்கட்டும், பிறகு ஆங்கிலத்தில் பார்க்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆங்கிலேயக் கலெக்டரின் பெயரோடு 1875 முதல் நிற்கும் பென்னிங்டன் நூலகம் இப்படி ஒரு வாசிப்புக்கு ஏற்ற இடம். தமிழ் நூலும் ஆங்கில நூலும் அங்கே ஒரே மேசையில் கிடக்கட்டும்.

அடுத்த இதழை இப்படிப்பட்ட வகுப்பறை அனுபவங்களுக்கும், பக்கத்து மொழிகளிலிருந்து நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்புகளுக்கும் ஒதுக்குகிறோம். மொழிபெயர்ப்போடு மூலப் பக்கத்தின் நகலையும் அனுப்புங்கள். ஆங்கிலத்தின் துணையை நாடியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், அதற்காக எந்தப் படைப்பையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.