விலங்கு உடைந்தது, வெறுங்கை மிஞ்சுவதா?

தோழா!

நாடகம் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கொடுமைக்கு ஆளானவன் விடுதலை பெறும் கட்டத்தில் திரையை இறக்கிவிடுவோம். கொட்டகை அதிரக் கைதட்டல் எழும். மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். விடுதலை பெற்றவன் மறுநாள் காலையில் எதை உண்டான், எங்கே படுத்தான் என்று நாங்கள் எழுதுவதில்லை, எவரும் கேட்பதுமில்லை. நாடகக்காரன் செய்யும் இந்தப் பிழையை நாடாளும் அரசும் செய்கிறதே, அதைத்தான் இன்று உன்னிடம் சொல்ல வந்தேன்.

ஒரு காட்சியை மனக்கண் முன் நிறுத்திப் பார். செங்கல் சூளை. மண்ணைப் பிசைந்து பிசைந்து விரல் தேய்ந்த ஒருவன். அவன் அருகே அச்சில் மண் அறையும் மனைவி. ஈரக்கல்லைப் புரட்டிப் புரட்டிக் காயவைக்கும் இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகள்! என்றோ வாங்கிய முன்பணம் கயிறாக நீண்டு நால்வரையும் கட்டிப்போட்டிருக்கிறது. ஊருக்குப் போக வேண்டுமென்றால், "கடனைத் தீர்த்துவிட்டுப் போ" என்கிறான் முதலாளி. கணக்குப் புத்தகம் அவன் கையில், தீருமா கடன்?

கோட்டாட்சியரின் வண்டி வருகிறது. விசாரணை நடக்கிறது. கொத்தடிமைகள் என்று உறுதியாகி, விடுதலைச் சான்றிதழ் அவர்கள் கையில் தரப்படுகிறது. படம் பிடிக்கிறார்கள், ஏட்டிலும் வருகிறது. திரை விழுகிறது.

திரைக்குப் பின்னால்? கையிலே சான்றிதழ்; மடியிலே காசு இல்லை. திரும்பிப் போக ஊர் உண்டு. ஊரிலே வீடு இல்லை. பசி மட்டும் எந்தச் சான்றிதழுக்கும் காத்திராமல் பொழுது சாய்ந்ததும் வந்துவிடுகிறது. அந்தப் பசியின் வாசலில் வேறொரு மேஸ்திரி வந்து நிற்கிறான். கையில் புதிய முன்பணம்!

சட்டம் இல்லாத நாடா இது? நமது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு மனிதரை விற்று வாங்கும் வணிகத்தையும், கூலியின்றி வேலை வாங்கும் கொடுமையையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1975 அக்டோபர் 25 முதலே அது செல்லும் என்றும் அறிவிக்கப்பட்டது. அந்த நாளோடு கொத்தடிமைக் கடன்கள் அனைத்தும் அழிந்தன. அதைத் திருப்பித் தர வேண்டிய கடமை எவனுக்கும் இல்லை.

கடனை அழித்தால் போதுமா? வயிற்றுக்கு வழி வேண்டாமா? அதற்காக 1978-ல் மறுவாழ்வு நிதித் திட்டம் பிறந்தது. மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. தலைக்கு 4,000 ரூபாய். 1986-ல் அது 6,250 ஆயிற்று; 1995-ல் 10,000; 2000-ல் 20,000. 2016-ல் திட்டம் முழுதும் மத்திய அரசின் செலவாக மாறியது, தொகையும் உயர்ந்தது. ஆணுக்கு 1 லட்சம். பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் 2 லட்சம். கடத்தி விற்கப்பட்டோர், பாலியல் சுரண்டலிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள், உடல் ஊனமுற்றோர், திருநங்கையர் ஆகியோருக்கு 3 லட்சம். மீட்ட உடனே தரும் முதல் உதவி 20,000 ரூபாய் வரை. 2022-ல் அது 30,000 ஆக்கப்பட்டது.

கேட்பதற்கு இனிக்கிறது. இதுவரை வந்ததற்கு நான் நன்றி கூறவும் தயார். ஆனால், தோழா, அந்தத் திட்டத்தின் உள்ளே ஒரு முடிச்சு இருக்கிறது. முதல் உதவியைத் தவிர மீதித் தொகைக்கு ஒரு நிபந்தனை. கொத்தடிமைத்தனம் மெய்ப்பிக்கப்பட வேண்டும்; வழக்கு நீதிமன்றப் படிகளைத் தாண்டி முடிய வேண்டும்; அதன் பிறகே முழுத்தொகையும் கைக்கு வரும். விசாரணை முடியாவிட்டாலும், முகாந்திரம் தெரிந்தால் மாவட்ட நிர்வாகத்தின் கோரிக்கை நிறுத்திவைக்கப்படாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். நல்ல வரிதான். ஆனால் கடைசிப் பட்டுவாடா மட்டும் சட்ட நடவடிக்கையின் முடிவைப் பொறுத்தது என்று அடுத்த வரி சொல்கிறது. முதல் வரி கதவைத் திறக்கிறது. அடுத்த வரி தாழ்ப்பாள் போடுகிறது!

முதலாளி குற்றவாளி என்று தீர்ப்பாக வேண்டும். அதுவரை அடிமையாயிருந்தவன் காத்திருக்க வேண்டும். இது என்ன நியாயம்? புயலில் குடிசை இழந்தவனுக்கு நிவாரணம் தருகிறோம். "புயலைக் கூண்டில் ஏற்றித் தண்டனை வாங்கிக் கொடு, பிறகு உனக்குக் கூரை தருகிறோம்" என்று அவனிடம் சொல்கிறோமா? இடிந்த குடிசையைப் பார்க்கிறோம், தருகிறோம். மனிதனே இடிந்து கிடக்கும்போது மட்டும் தீர்ப்பின் நகல் கேட்பானேன்?

வழக்கு எப்படி நடக்கிறது என்பது உனக்குத் தெரியாததா? சாட்சி சொல்ல வேண்டியவன் ஒடிசாவுக்குப் போய்விட்டான். அல்லது வேலை தேடி இன்னொரு மாவட்டத்துக்குப் போய்விட்டான். வாய்தாவுக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லை. முதலாளிக்கோ வழக்கறிஞர் உண்டு, வண்டி உண்டு, பொறுமையும் உண்டு. ஆண்டுகள் உருளுகின்றன. சாட்சி கலைகிறது, வழக்கு சரிகிறது, சரிந்த வழக்கின் அடியில் மறுவாழ்வு நிதியும் புதைகிறது. இதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. வழக்கு தோற்றால் ஏழைக்குப் பணம் இல்லை என்பது முதலாளிக்கும் தெரியும். "பிறழ்சாட்சி சொல்லிவிடு, அரசு தரும்போது தரட்டும், நான் இன்றே கொஞ்சம் தருகிறேன்" என்று பேரம் பேச அவனுக்கு அது வாய்ப்பாகிறது. பசித்தவனைக் காக்க வைக்கிற அரசு, தன் சாட்சியைத் தானே விலைக்கு விடுகிறது.

மாற்றார் ஒரு கேள்வி எழுப்புவார்கள். "தீர்ப்பு வேண்டாம் என்றால், கொத்தடிமை என்று பொய் சொல்லிப் பணம் பறிப்பவர் பெருகமாட்டார்களா? மக்கள் வரிப்பணமல்லவா?" கேட்கத் தகுந்த கேள்விதான். வரிப்பணம் விரயமாகக் கூடாது என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் விடுதலைச் சான்றிதழைத் தருவது யார்? அரசு அதிகாரி. நேரில் வந்து, விசாரித்து, எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறார். அரசு தன் அதிகாரியின் கையெழுத்தைத் தானே நம்பாவிட்டால், வேறு யார் நம்புவார்கள்?

மேலும் கேள். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு என்ன சொல்கிறது? அது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவனுடையது. சட்டம் சுமையை முதலாளியின் தலையில் வைத்தது. திட்டமோ அதைத் தூக்கி மீண்டும் ஏழையின் தலையில் வைத்துவிட்டது. சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம். திட்டத்தை எழுதியது ஒரு துறை. எது பெரிது?

1984-ல் உச்சநீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியது. நீரஜா சௌத்ரி வழக்கில், மீட்டவர்களுக்கு மறுவாழ்வு தராவிட்டால் வறுமை அவர்களை மீண்டும் அடிமைத்தனத்துக்கே துரத்தும் என்றது. கண்டறிதல், விடுவித்தல், வாழவைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே விடுதலை. மூன்றில் ஒன்றைத் தள்ளிப்போட்டால் மற்ற இரண்டும் வீண்.

வரலாற்றுப் பக்கங்களைப் புரட்டு. 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. ஒழித்த கையோடு 2 கோடி பவுன் ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த எசமானர்களுக்கு! முதுகில் சவுக்குத் தழும்பு ஏறியவனுக்கு ஒரு செப்புக்காசும் இல்லை. 1838 வரை பழைய எசமானனிடமே 'பயிற்சியாள்' என்ற புதுப்பெயரில் அவன் உழைக்க வேண்டியிருந்தது. 1843-ல் இந்த மண்ணிலும் ஒரு சட்டம் வந்தது. அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்கமாட்டா என்றது. நிலம் தந்ததா? இல்லை. கூலிக்கு வழி செய்ததா? இல்லை. தஞ்சைத் தரணியில் பண்ணையாள் பண்ணையாளாகவே கிடந்தான். கையில் ஒன்றும் தராத விடுதலை, பெயரளவு விடுதலை என்பதை இந்த மண் அனுபவித்து அறிந்திருக்கிறது.

முன்பணக் கயிற்றின் வலியும் நமக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி அழைத்துச் சென்ற நம் மக்களைக் கட்டியதும் அந்தக் கயிறுதான். கடன் தொகை எழுதிய துண்டுச் சீட்டோடு ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குத் தொழிலாளியைக் கைமாற்றினார்கள். 1921-ல்தான் அந்தத் 'துண்டு' முறை ஒழிந்தது. அன்று நாம் போனோம். இன்று ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து அவன் நம் சூளைக்கு வருகிறான். நம்மூர் இருளர் குடும்பமும் அதே சூளையில், அரிசி ஆலைக் களத்தில், அதே கயிற்றில் கட்டுண்டு கிடக்கிறது. அன்று கட்டுண்டவனின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று கட்டுகிறவனின் பக்கம் நிற்கலாமா?

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சூளை முதலாளி எப்போதும் மாற்றுக் கட்சிக்காரனாகவே இருப்பான் என்று எண்ணாதே. நம் மாநாட்டுக்கு நன்கொடை தந்தவனாக இருக்கலாம். நம் ஊர்வலத்துக்குக் கொடி வாங்கித் தந்தவனாகவும் இருக்கலாம். அவன் பெயர் நம் வசூல் புத்தகத்தில் இருப்பதால் அவன் கணக்குப் புத்தகத்தை நாம் பார்க்காமல் விட்டால், நம் கொள்கை வெறும் மேடைப் பேச்சு என்று ஊர் சொல்லும். சொன்னால் அது பொய்யாகாது.

2030-க்குள் 1 கோடியே 84 லட்சம் பேரை விடுவித்து வாழவைப்பதாக மத்திய அரசு 2016-ல் இலக்கு வைத்தது. 1978 முதல் பல பத்தாண்டுகளில் மறுவாழ்வு பெற்றவர்களாக அதே அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கோ ஏறத்தாழ 3 லட்சம். இலக்குக்கும் கணக்குக்கும் இடையே உள்ள பள்ளத்தில் எத்தனை குடும்பங்கள் புதைந்து கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்!

நாம் கேட்பது மூன்று. முதலாவது, மறுவாழ்வு நிதியைத் தண்டனையிலிருந்து பிரித்துவிடுங்கள். விடுதலைச் சான்றிதழே போதிய சான்று ஆகட்டும். குற்றவாளியைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. குடும்பத்தை வாழவைப்பது அரசின் வேலை. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. இரண்டாவது, மாவட்டந்தோறும் குறைந்தது 10 லட்சம் ரூபாயோடு மறுவாழ்வு நிதி இருக்க வேண்டும் என்பது திட்டத்திலேயே உள்ள விதி. அது ஒருநாளும் வற்றக் கூடாது. டெல்லியிலிருந்து பணம் வரும்வரை மாநில அரசு முன்னதாகத் தரட்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் சரி. டெல்லி தரும்போது ஈடு செய்துகொள்ளட்டும். வேற்று மாநிலத் தொழிலாளியானால் மீட்ட மாவட்டமும் சொந்த மாவட்டமும் கடிதம் எழுதிக்கொண்டே காலம் கழிக்காமல், அவன் ரயில் ஏறும் முன்பே முதல் உதவி அவன் கையில் சேரட்டும். மூன்றாவது, இந்தக் குற்றத்தைச் சுருக்க விசாரணை செய்ய 1976-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பாலியல் சந்தையிலிருந்து மீட்கப்பட்ட பெண்களின் இல்லங்களுக்கும் இதுவே பொருந்தும். 2007-ல் 'உஜ்வாலா' என்று தொடங்கிய அந்தத் திட்டம், 2022 முதல் 'சக்தி சதன்' என்ற பெயரில் நடக்கிறது. பெயரை மாற்றுவது எளிது. மானியம் தாமதமானால் அந்த இல்லத்தில் உலை எப்படிக் கொதிக்கும்? உலை கொதிக்காத இல்லத்தின் வாசலில் தரகன் காத்திருப்பான் என்பதை ஆள்வோர் மறக்கலாகாது.

அரசுக்குச் சொன்னேன். உனக்கும் வேலை உண்டு, தோழா! உன் ஒன்றியத்தில் மீட்கப்பட்ட குடும்பம் இருந்தால் தேடிப் போ. விடுதலைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேள். வங்கிக் கணக்கு உண்டா, குடும்ப அட்டை உண்டா, சாதிச் சான்று உண்டா, மனைப்பட்டாவுக்கு மனு கொடுத்தார்களா என்று பார். இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகப் படியேறும்போது நீயும் உடன் ஏறு. கூலியை இழந்து அவன் ஒருவனாய் நின்றால் நாளை வா என்பார்கள். நால்வராய் நின்றால் நாற்காலி போடுவார்கள். மாவட்டத்திலும் கோட்டத்திலும் விழிப்புக் குழு அமைக்க வேண்டும் என்கிறது சட்டம். அது கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டு மனுப்போடு. பழைய கடனைக் கேட்டு எவனாவது வந்தால், அந்தக் கடனைச் சட்டம் என்றோ அழித்துவிட்டது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்.

விடுதலைக் காட்சியில் திரை இறக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். இனி நான் எழுதும் நாடகத்தில் அதன் பிறகும் ஒரு காட்சி உண்டு. அதிலே அவன் தன் வீட்டு அடுப்பை மூட்ட வேண்டும். அவன் பிள்ளைகள் புத்தகப் பையோடு படியிறங்க வேண்டும். முன்பணத்தோடு வந்த மேஸ்திரி, "இங்கே இனி ஆள் கிடைக்காது" என்று திரும்பிப் போக வேண்டும். அந்தக் காட்சியை நான் தாளிலே எழுதுகிறேன். நீ தரையிலே நடத்திக் காட்டு!