பண்டிகை முடிந்த பிறகு ஒரு மாலைப்பொழுது



தீபாவளி வந்து போய்விட்டது. முறுக்குத் தகரங்களும் காலியாகி வருகின்றன. வாசல் தோரணமும் சன்னலில் தொங்கும் விளக்குச் சரமும்தான் இன்னும் இறங்கவில்லை. இறக்கும் நாளில் நாம் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் திணித்து, அலமாரிக்கு மேலே போட்டுவிடுகிறோம். அடுத்த ஆண்டு பையைத் திறந்தால் சரம் எரிவதில்லை. காகிதப் பூவில் கறுப்புப் புள்ளி. குத்துவிளக்கில் பச்சைக் களிம்பு. மறுபடியும் ஈப்போவுக்குப் பஸ் ஏறி ஐம்பது அறுபது வெள்ளி செலவழிக்கிறோம். தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பு அல்லவா?

அலங்காரப் பொருள் பண்டிகை நாளில் கெடுவதில்லை. மற்ற பதினொரு மாதமும் பைக்குள் கிடந்துதான் கெடுகிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 70-ஐத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அதோடு, தீபாவளி வருவது மழைக்காலத்தில். ஈரத்தோடு மூட்டை கட்டினால், பூஞ்சணத்தை நாமே உள்ளே வைத்துக் கட்டியதாகும். ஆகவே முதல் விதி: எதையும் நன்றாகக் காயவைக்காமல் மூடாதீர்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விளக்குச் சரம்: இறக்குமுன் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, வயர் முழுவதையும் கண்ணால் பாருங்கள். உறை கிழிந்திருந்தாலோ, எலி கடித்திருந்தாலோ, பிளக் கருகியிருந்தாலோ அதைச் சேமிக்க வேண்டாம். டேப் சுற்றி அடுத்த ஆண்டும் ஓட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். பலகை வீட்டுக்கு ஒரு தீப்பொறி போதும். பழைய குமிழ்ச் சரங்களில் மின்சாரம் ஒரு குமிழைக் கடந்துதான் அடுத்ததற்குப் போகும். ஒன்று பழுதானால் வரிசையே அணைந்துவிடும். குமிழை மாற்றிப் பார்த்தபின் எறிவதா வைப்பதா என்று முடிவு செய்யுங்கள். நல்ல சரத்தை ஓர் அட்டையில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் உள்கம்பி ஒடியும். பேட்டரி விளக்கானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். புதிது வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

குத்துவிளக்கு: புளி போட்டுத் துலக்கியபின் புளிப்பு மிச்சமில்லாமல் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அந்த மிச்சம்தான் களிம்பாகிறது. பாகங்களைக் கழற்றி, துடைத்து, வெயிலில் வைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்களில், கட்டிலை விட்டுவிட்டுப் பாட்டியின் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு லோரி ஏறியவர்கள் உண்டு. அப்படி வந்த விளக்கைக் களிம்பு தின்ன விடலாமா?

அகல் விளக்கு: எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தால் எறும்பும் கரப்பானும் எலியும் தேடி வரும். சீயக்காய் போட்டு வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் காயவைத்து, இடையிடையே தாள் வைத்து அடுக்குங்கள்.

தோரணம்: மாவிலையும் குருத்தோலையும் உரக்குழிக்குப் போகட்டும். துணி, காகிதத் தோரணங்களைத் தூசி தட்டி, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும்.

கோல அரிசி: கூட்டி அள்ளியதைச் சலித்து, காயவைத்து, போத்தலில் இறுக மூடுங்கள். நிறம் கலந்துபோனால் அடுத்த கோலத்தின் ஓரத்துக்கு ஆகும். போத்தலின் மேல் ‘சமைக்கக் கூடாது’ என்று எழுத மறவாதீர்கள்.

மயிலிறகு: தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர் வீடுகளில் இது இருக்கும். இறகையும் பட்டையும் தின்னும் பூச்சிகள் உண்டு. இறகை உதறி, காயவைத்து, மூடியுள்ள பெட்டியில் மடங்காமல் படுக்கவையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையை அள்ளிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு ஜி-6-பி-டி குறைபாடு இருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடுள்ள குழந்தை நாப்தலின் உருண்டையின் வாடையைச் சுவாசித்தாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடும் மஞ்சள் காமாலை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். உருண்டை போட்டு வைத்த சேலையில் தொட்டில் கட்டவே கட்டாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம். காய்ந்த பொருளும் இறுகிய மூடியும்தான் நல்ல காவல்.

எங்கே வைப்பது? தகரக் கூரைக்கு அடியில் வேண்டாம். அந்தச் சூட்டில் மெழுகுவத்தி உருகும், பிளாஸ்டிக் பூ வளையும். தரையோடும் வேண்டாம், கரையான் ஏறும். பிஸ்கட் தகரமோ மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியோ போதும். கட்டிலுக்கு அடியில் இரண்டு கட்டை வைத்து அதன்மேல் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை உள்ளே போடலாம். பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உள்ளே இருப்பதை ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். எங்கள் பள்ளியில் மலேசிய தினம் முடிந்ததும் கொடிகளை உலர்த்தி, மடித்து, எண்ணி எழுதி வைப்பவர்கள் மாணவர்கள்தாம். தாங்களே எண்ணி வைத்த பொருளைப் பிள்ளைகள் அலட்சியமாக வீசுவதில்லை.

ஒரு மாலைப்பொழுது போதும், சகோதரிகளே. மிச்சமாகும் வெள்ளியில் அடுத்த தீபாவளிக்குப் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுக்கலாம். அடுத்த இதழில் சந்திப்போம்.