கேடயம் போதும், பேனை கொடுப்போம்

வருடா வருடம் பரிசளிப்பு விழாவில் பிளாஸ்டிக் கேடயம் கொடுக்கிறோம். போட்டோ எடுத்து முகநூலில் போட்டதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு அலுமாரிக்கு மேல் தூசிதான். ஆசிரியர்களான நாமும் இதற்குப் பொறுப்பு.

ஆந்திராவின் ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் கையால் கடைந்து செய்த மைப்பேனையை எழுதிப் பார்த்து, வெளிநாட்டுப் பேனைக்கு நல்ல மாற்று என்று 1935இல் காந்தி கடிதம் எழுதினார். அந்தப் பழைய பாணிப் பேனைக்கு மை முடிந்தால் ஊற்றலாம், நிப் தேய்ந்தால் மாற்றலாம். அதன் எபொனைட், கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர்தான். இறப்பர் நம் நாட்டிலும் உண்டு, கடைசல் பட்டறையும் உண்டு. மனசுதான் இல்லை.

"பிள்ளைகள் மையைக் கொட்டுவார்கள்" என்கிறீர்களா? கொட்டாமல் எழுதப் பழகுவதும் படிப்புதான்.

பழைய மாணவர் சங்கத்தினரே, இம்முறை கேடயக் காசைப் பேனைக்குத் திருப்புங்கள்.